தெருமுனையிலிருந்து படிக்கணும்

"அட்டைன்னா தெருமுனையிலேர்ந்து படிக்கத் தெரியணும்ணே. பக்கத்துல வந்து மூக்கை வெச்சுப் படிக்கறதுக்குப் பேரு அட்டை இல்ல, மருந்துச்சீட்டு!"

சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த தகரப் பெட்டியைப் பூட்டுக்கடை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். மூடி பின்னால் சாய்ந்து பலகையாக நின்றது. உள்ளே எழுத்து எழுத்தாக வெட்டிய தகடுகள், நீளமான அளவுகோல், கறுப்பு மை, மொட்டைத் தலைப் பிரஷ். பெட்டியோடு கடை கடையாகப் போய், நின்ற இடத்திலேயே விளம்பர அட்டை போட்டுக் கொடுப்பது அவள் தொழில். மற்ற தெருக்களில் அவளுக்குப் பேரே அட்டைக்காரி. இந்தத் தெருவுக்குத்தான் அவள் புதுசு.

கடைக்காரரின் மாடி வீடு காலியாகிப் பல மாதம் ஆகிவிட்டது. வருகிறவர்களை நிற்க வைத்து ஆயிரம் கேள்வி கேட்டால் எவன் குடிவருவான்? இதையெல்லாம் தெருவில் விசாரித்துக்கொண்டு, இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டுக்கு ஆள் கொண்டுவந்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் அட்டைக்காரி படியேறியிருந்தாள்.

"ஆள் வந்தா காசு குடுங்க. வரலைன்னா அட்டை இனாம்."

"வாய்ச்சவடால் வேண்டாம்மா. என் தலைக்கு மேல பார்த்தியா?" என்றார் கடைக்காரர். 'ஒரே விலை. பேரம் கிடையாது' என்று அங்கே ஒரு பலகை தொங்கியது. "எழுதி மாட்டிட்டா எனக்கு அது சட்டம். பெத்த தாய் வந்து கேட்டாலும் குறைக்க மாட்டேன்."

"குறைக்கலையே! அத்தை கோவிச்சுக்கிட்டு எதிர்க்கடையில போய்ப் பூட்டு வாங்கினாங்க," என்றாள் திருகாணிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி.

வீட்டைப் பார்க்காமல் அட்டை போடுவதில்லை என்று சொல்லிவிட்டு அட்டைக்காரி மாடிக்குப் போனாள். குழாய் ஒவ்வொன்றையும் திறந்து மூடினாள். ஜன்னலில் வெயில் எப்போது வரும் என்று கேட்டாள். வாடகையைக் கேட்டு, கொஞ்சம் யோசித்து, "நியாயம்தான்" என்றாள். கீழே வந்து ஒரு வெள்ளை அட்டையைப் பலகையில் பொருத்தினாள்.

"சொல்லுங்கண்ணே."

"மாடி வீடு வாடகைக்கு. அப்புறம், சின்னப் பசங்க இருந்தா கிடையாது. தலைக்கு மேல தடதடன்னு ஓடுவாங்க."

"அதையும் சேர்த்தா எழுத்து பாதியாச் சிறுத்துடும். அதோ, முனையில ஒரு வண்டி நிக்குதுல்ல? அங்கேர்ந்து படிக்க வரணும். அதான் என் கணக்கு."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நல்ல தூரம்தான்.

"சரி விடு. வர்றவங்ககிட்ட வாயால சொல்லிக்கறேன்."

"எழுதறது ஒண்ணு, பேசறது ஒண்ணா? நீங்களா அப்படி?"

அவருக்கு அது உறைத்தது. "சரி, வீட்டுக்குள்ள தொழில் பண்றவங்க கூடாதுன்னாவது போடு."

"போட்டா டியூஷன் எடுக்கறவங்க, துணி தைக்கறவங்க யாரும் படியேற மாட்டாங்க. மாசம் தவறாம வாடகை குடுக்கறதே அவங்கதான்."

"ஆம்பளைத் துணை இல்லாத குடும்பத்துக்குக் கிடையாதுன்னு..."

அட்டைக்காரிக்குச் சுருக்கென்றது. "அதைப் போட்டா வாடகைக்கு ஆள் வராதுண்ணே, வம்புக்குத்தான் வரும்!"

கடைக்காரர் மனைவி திருகாணிகளிலிருந்து தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள்.

கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வீட்டுக்கு என் இஷ்டப்படி ஒண்ணுகூடப் போடக் கூடாதா? நாய் கூடாது! அதையாவது போடு."

"தாராளமா!" என்றாள் அவள்.

"நாய்க்கு மட்டும் இடம் இருக்கோ?"

"நாய் சின்னதுண்ணே." தகடு வைத்து, மை தொட்டு, பிரஷ்ஷால் தட்டித் தட்டி அதை முடித்துவிட்டாள். "இன்னும் ஒரு வரி போடலாம். 'முதலில் வருபவருக்கே'. எப்படி?"

"இப்ப மட்டும் இடம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள் மனைவி.

"தேடினா கிடைக்கும்க்கா."

"யார் வந்தாலுமா?" என்று கடைக்காரர் இழுத்தார்.

"அப்பத்தான் நாளைக்குப் பார்க்கலாம்னு எவனும் போகமாட்டான். வேற யார் போட்டாலும் இந்த வரிக்கு மதிப்பே இல்ல. நீங்க எழுதினா மாறமாட்டீங்கன்னு தெருவுக்கே தெரியுமே!"

அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். "போடு."

மை காய்ந்ததும் அவரே ஸ்டூல்மேல் ஏறி, வாசலில் ஆணியடித்து மாட்டினார். மாடி வீடு வாடகைக்கு. நாய் கூடாது. முதலில் வருபவருக்கே. எழுத்து ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று நின்றது.

"பிரமாதம்! சரி, ஆள் எங்கே?"

அட்டைக்காரி தெருவில் இறங்கி முனையைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினாள். அங்கே நின்ற வண்டி புறப்பட்டது. கட்டிலும் பாத்திர மூட்டையும் குலுங்கக் குலுங்க வந்து கடை வாசலில் நின்றது. மேலேயிருந்து இரண்டு சிறுமிகள் தொப்பென்று குதித்தார்கள்.

"அம்மா, அங்கேர்ந்தே படிச்சுட்டோம்! சாமானை இறக்கலாமா?"

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார். தலைக்கு மேல் தொங்கிய பலகையைப் பார்த்தார். அதற்குள் அவர் மனைவி மாடிச் சாவியை எடுத்து நீட்டிவிட்டாள்.

"எங்ககிட்ட நாய் கிடையாதுண்ணே," என்றாள் அட்டைக்காரி.