நாலாயிரத்து இருநூற்றில் ஒரு பள்ளம்

“நானூறு குதிரைச்சக்தின்னு அப்பா எழுதி வெச்சிருக்காரு, உங்க மெஷின் என்னடான்னா முந்நூத்தி முப்பதுங்குது...”

“அது இன்ஜின்ல பொறக்கறது லொரெட்டா! சக்கரத்துக்கு வர்றதுக்குள்ள கியர்பாக்ஸ் பாதி வழியில தின்னுடும். நான் சொல்றது இந்தப் பள்ளத்தை!”

என் மகளும், டோலிடோவில் காரை உருளைகள்மேல் கட்டி ஓட்டிச் சக்தி அளக்கும் ஸ்டாம்பரும் ஒருவரையொருவர் பேசவிடவில்லை. பழையதாக வாங்கிய காருக்கு மூன்று குளிர்காலம் உட்கார்ந்து இன்ஜின் கட்டியவர் என் கணவர் வெர்லின். அவர் போய் இரண்டு வருடமாகிறது.

மெஷின் தந்த காகிதத்தில் சக்தியைக் காட்டும் கோடு ஒரே சீராக ஏறியது. இன்ஜின் நிமிடத்துக்கு நாலாயிரத்து இருநூறு சுற்று சுற்றும் இடத்தில் மட்டும் தாழ்ந்து, மறுபடி ஏறியது. மூன்று ஓட்டத்திலும் அதே இடம்.

“பெட்ரோல் சரி, ஸ்பார்க் சரி. யாரோ ஆக்சிலரேட்டர்லருந்து காலை எடுத்த மாதிரி இருக்கு. நான் கடைசிவரை அழுத்தித்தான் பிடிச்சிருந்தேன். இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துடலாம்.”

“பிரிங்க” என்றாள் லொரெட்டா.

வெர்லின் முடுக்கிய திருகை இன்னொருவர் கழற்றுவதா? அவர் ஓட்டும்போது உறுமல் அந்த அளவுக்கு ஏறும்போதெல்லாம் நான் அவர் சட்டைக்கையைப் பிடிப்பேன். “பயந்தாங்கொள்ளி!” என்று சிரித்தபடி காலைத் தளர்த்துவார். நாற்பது வருடம், ஞாயிறுதோறும், ஏரிக்கரைச் சாலையில்.

“பிரிக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டுங்க” என்று ஸ்டாம்பரிடம் சொன்னேன். அவர் ஏறுமுன், நான் உட்காரும் பக்கத்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினேன்.

“வெர்லின், இப்ப எனக்குப் பயமில்ல. நல்லா மிதி.”