முன்கையில் ஒரு பெயர்

அன்று அந்த ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதியின் வாசலில் இருந்தவர்கள் மூவர்: வடிவாம்பாள், அவருடைய மருமகள் தேன்மொழி, வரவேற்பில் நின்ற பெண். வடிவாம்பாளின் முன்கையில் காலஞ்சென்ற கணவரின் பெயர் பச்சை குத்தியிருந்தது. வடிவாம்பாள் ஒரு நாளும் வாயால் சொல்லாத பெயர். பச்சை தெரியும் உடம்போடு அங்கே யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. அந்தப் பெண் பணிவாகக் குனிந்து, தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரியை நீட்டினாள்.

“இதை ஒட்டிக்கிட்டா உள்ளே விடுவாங்களாம், அத்தை. உங்க முட்டிவலிக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?”

“எங்க வீட்டுக்காரர் பேரை ஒட்டி மறைக்க, இது என்ன சிரங்கா? நீ போய்க் குளி.”

தேன்மொழி தயங்கித் தயங்கி உள்ளே போனாள். வாசலோரம் கால் நனைக்க ஒரு சிறு தொட்டி இருந்தது. வடிவாம்பாள் முதுகு வளையாமல் அதன் விளிம்பில் உட்கார்ந்து பாதங்களை நனைத்தார். சுவருக்கு அப்பால் பெண்கள் சிரிப்பது கேட்டது. இந்தப் பக்கம் ஒருவருமில்லை. வெந்நீரை உள்ளங்கையில் அள்ளி அந்த எழுத்துகளின் மேல் மெல்ல விட்டார். வாய் லேசாகத் திறந்து, மூடிக்கொண்டது.

ஜப்பானில் வடிவாம்பாளைக் குளிக்க விடாமல் துரத்திவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அது பொய். அவரை உள்ளே வரச்சொன்னார்கள். அவர்தான் போகவில்லை.