ஐஸ் கட்டி

“நர்ஸக்கா! அண்ணன் இவ்வளவு நேரமும் வாய்க்குள்ள ஐஸ் கட்டி வச்சிருந்தான். கை வேற சுடுது!”

வீட்டுக்குக் கிளம்பப் பையெல்லாம் கட்டி முடித்த நேரம் பார்த்துத் தங்கை போட்டுக் கொடுத்தாள். வயது ஏழு. அவளிடம் எந்த ரகசியமும் தங்காது. வீட்டில் அவள் பட்டப்பெயரே ஒலிபெருக்கி.

பத்து வயது அண்ணன் அவளை முறைத்தான். ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக மூன்று வாரமாக இதே கட்டில். இன்றுதான் நாலு நாளைக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் மட்டும் இருக்கக் கூடாது.

“ஐஸ் வாய்ப்புண்ணுக்கு நீங்க கொடுத்ததுதானே?” என்றான் அப்பாவியாக.

“அதை நான் தெர்மாமீட்டர் வைக்கிற நேரம் பார்த்தா சப்புவே?”

நர்ஸ் இந்த முறை தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தாள். நூற்றி ஒன்றைத் தாண்டி நின்றது.

அவ்வளவுதான். ரத்தம் எடுத்தார்கள். மருந்து ஏறத் தொடங்கியது. கட்டிய பை கட்டிலுக்கு அடியில் போனது.

“ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியாடி? பாவம், பிள்ளை எவ்வளவு ஆசையா கிளம்பினான்!” துணைக்கு இருந்த சித்திக்கு மனசே ஆறவில்லை.

அண்ணன் தங்கையோடு டூ விட்டான். மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“ரத்தத்துல கிருமி இருந்திருக்கு. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு. அப்படியே வீட்டுக்குப் போயிருந்தா நிலைமை கைமீறிப் போயிருக்கும். காப்பாத்தினது இந்த ஒலிபெருக்கிதான்!”

வார்டே கை தட்டியது. ஒலிபெருக்கி வெட்கப்பட்டுச் சித்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“இவளைப் போய்ப் பாராட்டுறீங்களே டாக்டர்! நான் யாருக்காக ஐஸ் வச்சேன்? அன்னிக்கு இவளுக்குப் பிறந்த நாள்! நான் வந்தாத்தான் கேக் வெட்டுவேன்னு மூணு வாரமா அழுதது இவதான்!”

நர்ஸ் குனிந்து அவளைப் பார்த்தாள். “அப்ப கேக்?”

“வெட்டல.”

“தெரிஞ்சேதான் சொன்னியா?”

அவள் சித்தியின் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி, அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

“பிறந்த நாள் அடுத்த வருஷமும் வரும். அதுக்கு நீ இருக்கணும்ல, மண்டு!”