குடலே கோயில்

பஜ்ஜித் தட்டைப் பார்த்ததும் அப்புசாமியின் முகம் சுண்டிப்போனது. பக்கத்துத் தட்டில் பாதுஷா வேறு. போச்சுடா, இந்தச் சம்பந்தமும் அவ்வளவுதான் என்று மாப்பிள்ளைப் பையன் இனியன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புசாமிக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கான உதிரி பாகக் கடை. போன வருஷம் மலச்சிக்கலில் ஒரு வாரம் படாத பாடு பட்டு எழுந்த மனிதர், எழுந்த கையோடு 'குடலே கோயில்' என்று ஒரு யூடியூப் சேனல் ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் எவனுக்குத் தலை வலித்தாலும் நார்ச்சத்து போதவில்லை என்பார்.

அது அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் ஜாதகத்தை விட்டுவிட்டு அடுப்படியை அலசினார். ஒரு வீட்டில் பிரெட் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

இந்த ஆட்டையாம்பட்டிப் பெண் யாழினியை இனியனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. போனில் பேசிப் பேசிக் கல்யாணப் புடவைக்கு நிறம்கூடப் பார்த்துவிட்டார்கள். அப்புசாமியின் தலை ஆட வேண்டியதுதான் பாக்கி.

காரில் வரும்போதே அவர் மனைவி காளியாத்தாளுக்கும் மகனுக்கும் வகுப்பெடுத்திருந்தார். "மைதாவத் தொடாதீங்க. பாமாயில் பலகாரத்த மோந்துகூடப் பாக்காதீங்க. பேசி முடிக்கறதுக்குள்ள இலை போட்டாங்கன்னா உக்காந்துறாதீங்க, சம்மதம்னு ஆயிரும். காப்பிக்குச் சக்கரை வேண்டாம்னு சொல்லிருங்க."

இப்போது பஜ்ஜித் தட்டை ஒரு விரலால் நகர்த்தினார். "எண்ணெய்ப் பண்டம் நாங்க தொடறதில்லீங்க."

"ஐயோ, தெரியாமப் போச்சுங்ணா," என்று யாழினியின் அம்மா அங்கம்மாள் கையைப் பிசைந்தாள்.

"அது கெடக்கட்டும். பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கோணும். ஏம்மா, காலையில எந்திரிச்சா வயிறு ஒழுங்காப் போகுதா?"

யாழினியின் அப்பா தங்கமுத்து பாதுஷாத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யாழினி அசரவில்லை. "போகுதுங்க மாமா. தெனமும் கீரை, வாழத்தண்டுதானுங்க."

"அது நார்ச்சத்து. சரி, புளிக்க வெச்சது எதாச்சும் சாப்பிடறயா?"

அங்கம்மாள் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்ணா. ராத்திரி மிஞ்சுனதத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கறனுங்க. வந்தவங்களுக்குப் போயிப் பழையதக் குடுக்கறதான்னு..."

"பழையதா?" அப்புசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, அத மொதல்லயே சொல்லோணுமில்லீங்க."

மிஞ்சிய சோறு என்றார்கள். அது புதுச் சட்டியில், கெட்டித் தயிரும் உரித்த சின்ன வெங்காயமும் வாழைத்தண்டுப் பச்சடியும் சூழ, கேட்ட மாத்திரத்தில் வந்து இறங்கியது.

"ஸ்பூன் வேணுங்களா?" என்று கேட்டாள் அங்கம்மாள்.

"கையில பெசஞ்சு திங்கறதுதானுங்க மொறை. இனியா, போன எடு. லைவ் போடு."

லைவ் என்றாலே முனகுகிற இனியன், அன்றைக்குச் சொல்லி வாய் மூடுவதற்குள் போனை நீட்டிவிட்டான்.

"பாருங்க சொந்தங்களே, இது பூராவும் நல்ல பாக்டீரியா. வெங்காயம் இருக்குதே, அது அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி. வெளிநாட்டுக்காரன் இதையே டப்பாவுல அடைச்சு விக்கறான்," என்று சொல்லிக்கொண்டே அப்புசாமி சட்டிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டார்.

காளியாத்தாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, சோறுங்க அது."

"சக்கரை ஏறிப்போகுமின்னு இவளுக்குப் பயம்," என்று அவர் போனைப் பார்த்துச் சிரித்தார். "புளிச்ச பொறவு அது சோறில்ல புள்ள, மருந்து."

மருந்து இரண்டு சட்டி உள்ளே போனது. நாமக்கல்லிலிருந்து அவருடைய அண்ணன், மேச்சேரியிலிருந்து மச்சான், இன்னும் யார் யாரோ 'வாழ்த்துகள்' என்று போட்டுத் தள்ளினார்கள். சேனல் பிய்த்துக்கொண்டு போகிறது என்று அப்புசாமிக்கு ஒரே பூரிப்பு.

கடைசி வெங்காயத்தையும் கடித்துவிட்டு, ஒரு ஏப்பம் விட்டார். பிறகு தன் வழக்கமான வேலைக்கு வந்தார்.

"எல்லாஞ் சரிதானுங்க. ஆனாலும் பஜ்ஜி போடற ஊட்டுல பொண்ணெடுக்கறதுன்னா யோசிக்கோணும். ஊட்டுக்குப் போயிச் சொல்லி அனுப்பறனுங்க."

சொல்லி அனுப்புகிறேன் என்ற வீடு எதற்கும் அவர் இதுவரை சொல்லி அனுப்பியதில்லை. காளியாத்தாள் பெருமூச்சு விட்டாள். யாழினி இனியனைப் பார்த்தாள். அவன் போனை இறக்காமல் அப்படியே நின்றான்.

கை கழுவச் செம்பில் தண்ணீரோடு வந்தாள் அங்கம்மாள். இப்போது அவள் குரலில் தயக்கமே இல்லை.

"எங்கூட்டுச் சோத்துல கை நனைச்சாச்சு. அப்பறம் என்னங்க யோசனை, சம்பந்தி?"

அப்புசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. போனை எட்டிப் பார்த்தார். லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் எந்த மாசம் என்று அண்ணன் கேட்டிருந்தார்.

"அது... மருந்துங்க," என்று இழுத்து, துணைக்கு மனைவியைப் பார்த்தார்.

காளியாத்தாள் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தாள்.

"சோறுன்னு நான் அப்பவே சொன்னனுங்களே."