என்ரை மச்சான், உன்ரை தம்பி

சர்... சர்... சர்...

சோபாவில் போர்வைக்குள் கிடந்த ஆனந்தராசா காதைக் கொடுத்தார். வாசலில் யாரோ பனி அள்ளுகிறார்கள்.

"ஆரப்பா அது, விடியக் காலமை?"

"தம்பிதான்," என்றாள் செல்வமலர், தேத்தண்ணியைக் கலக்கியபடி. "வந்த இடத்திலையும் சும்மா இருக்கமாட்டான்."

"இனி என்ன, உன்ரை தம்பிக்கு வேறை வேலை இல்லைத்தானே!"

உன்ரை தம்பி. போன மாதம்வரைக்கும் அது 'என்ரை மச்சான்'.

எல்லைக்கு அங்கால, அமெரிக்காவின் வெர்மொண்டில், நாலு முறை மாநில செனட்டராக வென்றவன் வசீகரன். எல்லைக்கு இங்கால, தான் இருக்கும் ரொக்ஸ்பரோவில் கண்டவர்களிடமெல்லாம் ஆனந்தராசா, "என்ரை மச்சான் அமெரிக்கா செனட்டர்" என்பார். 'மாநில' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடுவார். ஐந்தாம் முறை, இந்தக் கார்த்திகையில், முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் வசீகரன் தோற்றுப்போனான்.

ஆனந்தராசா போனைத் தூக்கிச் செய்தியைக் காட்டினார்.

"இஞ்ச கேள், அவங்கட பேப்பரிலையே போட்டிருக்கு. பள்ளிக்கூட பஸ் விடுற சட்டம். கொண்டுவந்ததே இவர்தான். வாக்கெடுப்பண்டைக்கு ஆளைக் காணேல்லை! ஒரு வாக்காலை விழுந்துபோச்சு. அடுத்த மாசம் வேறையொருத்தன் கொண்டுவந்து வெண்டு, பேரையும் தட்டிக்கொண்டு போட்டான். பிறகு சனம் இவருக்கு வாக்குப் போடுமே? பொறுப்பில்லாத ஆள். எங்கை திரிஞ்சாரோ!"

"எண்டைக்காம் வாக்கெடுப்பு?"

"மாசி பதினொண்டு."

செல்வமலரின் கரண்டி நின்றது.

"அண்டைக்குத்தானே உங்களுக்கு நெஞ்சு ஒப்பரேசன்?"

ஆனந்தராசா போனைக் கீழே வைத்தார்.

"ஏழு மணித்தியாலம் என்ரை கையை விடாமல் இருந்தவன். 'உனக்கு வேலை இல்லையோடா' எண்டு கேட்டன். 'இண்டைக்குச் சபை லீவு அக்கா' எண்டான்."

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். சத்தம் நின்றது.

"என்ன அத்தான், இந்தக் குளிருக்குள்ளை?"

"அண்டைக்குச் சபை லீவோ?"

வசீகரனுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. சிரித்தான்.

"எனக்கு லீவுதான்."

ஆனந்தராசா கையை நீட்டினார். "அதை இஞ்ச தா, மச்சான்."

"நீங்கள் பனி அள்ளக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். உள்ளுக்குப் போங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது."

சர்... சர்... சர்...