மைலேஜ் சொல்லப் போன கார்

டர்போவும் அகலச் சக்கரமும் மாட்டி, வேகத்துக்கென்றே மாற்றிக் கட்டிய சிவப்புக் கார் ஒன்று இருந்தது. "உனக்குப் பெட்ரோல் ஊத்தியே உன் முதலாளி ஓட்டாண்டி ஆயிடுவார்டா" என்று டீக்கடை வாசலில் அதைக் கேலி செய்துவிட்டு, செங்கல் லாரி ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிப் போனது.

காருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்கு எண்பதைத் தாண்ட மாட்டேன்" என்று சபதம் போட்டு, டாப் கியரில், நால்வழிச் சாலையில் அடக்க ஒடுக்கமாக உருண்டது.

கால் டேங்க்கில் நின்ற பெட்ரோல் முள்ளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. நூறு கிலோமீட்டர் ஓடியும் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. சந்தோஷத்தில் வாயை அடக்காமல், "லிட்டருக்குப் பதினெட்டுடா!" என்று சொல்லித் தொலைத்தது.

"பதினெட்டா? அந்த லாரி எங்கே?"

"அது ரொம்ப தூரம் போயிருக்கும். விடேன்."

"எப்படி விடறது? அவன்கிட்ட சொல்ல வேண்டாமா?"

டர்போ விசிலடித்தது. நூற்றிருபது, நூற்றைம்பது. முள் கத்தக் கத்தக் கீழே சரிந்தது. ஒருவழியாக லாரியை எட்டிப் பிடித்து, "அண்ணே, லிட்டருக்குப் பதி..." என்று ஆரம்பித்த கார், விக்கி விக்கி ஓரமாக நின்றுவிட்டது.

லாரி காருக்கு முன்னால் வந்து நின்றது. கயிறு கட்டி, பெட்ரோல் பங்க் நோக்கி இழுத்துப் போனது. அடியோடு படுத்துக் கிடந்த முள்ளைக் கார் மெல்லக் கூப்பிட்டது.

"டேய், இப்ப ஒரு சொட்டுகூடச் செலவாகலையே. லிட்டருக்கு எவ்வளவு வருது? லாரிக்குக் கேக்கற மாதிரிச் சொல்லு."