தடுப்புக்கு இந்தப் பக்கம்

தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் பழைய விமான நிலையத்தை இடித்துக்கொண்டே, இந்தப் பக்கம் விமானங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் அமலோற்பவத்தின் மைக்கில் காலையிலிருந்தே சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. துடைக்கத் துடைக்க விழுந்தது. தடுப்பின் சிறு கதவு வழியாக வந்த பொறியாளர் நாசரை நிறுத்திக் கேட்டாள்.

“சார், எங்க கூரையத் தாங்குற தூண் அந்தப் பக்கம் இருக்குல்ல?”

“இருக்கு மேடம்.” அவர் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். “அதோட மேல்பக்கத்த வெட்டிட்டாங்க. இப்ப தூண் கூரையத் தொடல, தாங்கவும் இல்ல. உங்க மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். சாயங்கால ஃப்ளைட் போகட்டும், அப்புறம் பாக்கலாம்ங்கிறார்.”

கூடம் முழுக்க அந்த விமானத்துக்குக் காத்திருந்த கூட்டம். குழந்தைகள் தடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேலாளரிடம் போனால் பேச்சுதான் வளரும் என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். மைக்கை எடுத்தாள். இன்னும் தரையிறங்கவே செய்யாத அந்த விமானத்தின் பயணிகளை, எதிரே இருந்த புதிய கட்டடத்துக்கு உடனே வரச் சொல்லிக் கடைசி அழைப்பு விடுத்தாள். எல்லோரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மேலாளரின் அழைப்பு வந்தது; அவள் எடுக்கவில்லை.

தடுப்பை ஒட்டிய இருக்கையில் ஒரு பெரியவர் மட்டும், காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அமலோற்பவம் அறிவிப்புக் கண்ணாடி அறையைவிட்டு இறங்கி அவரை நோக்கி நடந்தாள். பாதி தூரத்தில், பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ கத்துவதும், பல கால்கள் ஒரே திசையில் ஓடுவதும் கேட்டன. அவள் நிற்கவில்லை.